ஓட்டுப் போடும் முன் உங்களுக்கு நீங்களே ஒரு மனு எழுதிக்கொள்வது எப்படி

புதுக்கோட்டையில் கலெக்டர் அலுவலகம் போகிற வழியில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரே ஒரு ரெமிங்டன் மெஷின். இப்போது கம்ப்யூட்டரும் ஜெராக்ஸும். இருபத்தெட்டு வருடமாக நான் அடித்துத் தருவது பெரும்பாலும் மனுக்கள்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் என்பதால் அன்று காலை எட்டு மணிக்கே கடை வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயர். "ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்" என்ற வரியை என் விரல்கள் தூக்கத்திலும் அடிக்கும்.

கடையில் உட்கார்ந்து ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அரை ஏக்கர் பட்டாவுக்காக மூன்று தடவை வந்து, சர்வே எண் சரியா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்க்கிற மனுஷர், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை போடுகிற ஓட்டுக்கு அதில் கால்வாசி யோசனையும் செலவழிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பிறந்த வீட்டில் அப்பா சொன்ன சின்னம், கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் சொன்ன சின்னம். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி என்று குறைதீர் கூட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எனக்கு வேலை இருக்காது. அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தேர்தல் சமயத்தில்தான், என் ஓட்டையும் மனு மாதிரியே எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அனுப்புநர், பெறுநர், பொருள், இணைப்பு. அதற்குப் பிறகு வந்த எல்லாத் தேர்தலுக்கும் எழுதிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களில் சிலரும் இப்போது எழுதுகிறார்கள்.

யாருக்குப் போட வேண்டும் என்று இதில் சொல்ல மாட்டேன். நான் யாருக்குப் போடுகிறேன் என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

வேண்டிய சாமான்கள்: மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்று, பேனா, நான்கு பேருக்குப் பத்து வீதம் புளியங்கொட்டை, வீட்டில் எல்லோரும் இருக்கிற ஒரு ராத்திரி. டிவி அணைந்திருக்க வேண்டும். அது முக்கியம்.

அனுப்புநர்

மனுவில் இந்த இடத்தில் பெயர், வயது, கணவர் பெயர், கதவு எண் வரும். நீங்கள் வீட்டில் உள்ள எல்லோரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும், போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரை அவர் அரசாங்கத்திடம் எதற்கெல்லாம் போனார், எத்தனை நாள் வேலை கெட்டது, எவ்வளவு கைக்காசு போனது என்று குறியுங்கள். நாட்டு நிலவரம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுத் தாள் இப்படி இருந்தது. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 78 வயது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறார். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அதனால் அந்த இடத்தில் கோடு போட்டேன். நன்றாக நடப்பதையும் எழுத வேண்டும், அது நின்றுபோனால்தான் அருமை தெரியும். வீட்டுக்காரர் கொத்தனார். நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க இரண்டு நாள், மாமனார் பெயரில் இருந்த முக்கால் ஏக்கரைத் தன் பெயருக்கு மாற்ற ஒன்பது நாள். கொத்தனாருக்கு ஒரு நாள் கெட்டால் 900 ரூபாய். ஒன்பது நாளுக்கு 8,100. அந்தக் கணக்கைத் தாளில் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அத்தனை நாளும் அலைச்சல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர அதைப் பணமாக எண்ணிப் பார்த்ததில்லை. மகள் அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருடம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரி முடிந்து டி.என்.பி.எஸ்.சி. வகுப்புக்கும் போகிறாள். நான் தினமும் ஒன்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து போகிறேன்.

பணம், நாள் என்ற இரண்டோடு மூன்றாவதாகப் பயம் என்று ஒரு இடம் விடுங்கள். அத்தைக்கு ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்தது. 108க்குப் போன் செய்தோம். வண்டி வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அது வரும்வரை வாசலில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, அந்த நேரத்தை ரூபாயிலும் எழுத முடியாது, நாளிலும் எழுத முடியாது.

வீட்டுக் கணக்கு முடிந்ததும் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள். அது பக்கத்துத் தெருவுக்கு. 2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்குத் தண்ணீர் போகிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்த வாரமும் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுங்காகத்தான் வந்தது. என் வீட்டை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் குடிதண்ணீர் என்ற சொல்லே என் தாளில் இருந்திருக்காது. அந்த இரண்டு வரியை அன்றிலிருந்து விடுகிறேன். சில வருடம் நிரம்புகிறது, சில வருடம் எழுதத் தெரியாமல் காலியாகவே கிடக்கிறது.

பெறுநர்

மனுவுக்கு உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. என் கடையில் திருப்பி அடிக்கிற மனுக்களில் பெரும்பாலானவை பெறுநர் தப்பாகிப்போனவை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் படுத்துவிட்டன. அடுத்த சில மாதங்கள் கடையில் மரக்கணக்கு மனுதான். ஒரு பெரியவர் வந்து, "பிரதமருக்கே எழுது தாயி, அவருதானே எல்லாருக்கும் பெரிய ஆளு" என்றார். எழுதிக் கொடுத்தேன். கேட்டதை அடித்துக் கொடுப்பதுதானே என் தொழில். ஆனால் அவருடைய தென்னைகளை எண்ணிக் குறைத்து எழுதியது உள்ளூர்க் கணக்கில். அதைத் திருத்த வேண்டியவர் அவர் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தார். பெரிய ஆளுக்கு எழுதினால் வேலை பெரிதாக நடக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஓட்டிலும் இதே கதைதான். நாடாளுமன்றத் தேர்தலில் தெருவிளக்கு எரியவில்லை என்று கோபப்படுவோம். சட்டமன்றத் தேர்தலில் கேஸ் சிலிண்டர் விலைக்குக் கோபப்படுவோம். இரண்டு மனுவும் மாறிப் போய்ச் சேரும்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ரயில், வங்கி, ராணுவம் எல்லாம் மத்தியப் பட்டியலில். போலீஸ், பொதுச் சுகாதாரம், விவசாயம், நிலம் மாநிலப் பட்டியலில். இரண்டு பேரும் சட்டம் போடலாம் என்பது பொதுப்பட்டியல். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தத்தில் பொதுப்பட்டியலுக்குப் போனது. நீட் தேர்வுச் சண்டை சென்னைக்கும் டில்லிக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. இந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் தாளில் உள்ள ஐந்தாறு விஷயத்துக்கு மட்டும் பெறுநரைக் கண்டுபிடித்தால் போதும். நான் கண்டுபிடித்தவற்றைச் சொல்கிறேன்.

ரோட்டுக்கு ஒரு சுலபமான வழி, மைல்கல்லைப் பார்ப்பது. தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, அது மத்திய அரசு. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லாத, எங்கள் ஊருக்குள் போகிற மாதிரி ரோடு என்றால் ஊராட்சியிலோ ஊராட்சி ஒன்றியத்திலோ கேட்க வேண்டும்.

கண்மாய்க்கு ஆயக்கட்டை, அதாவது அதன் தண்ணீர் பாய்கிற நிலத்தின் அளவை, பார்க்க வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் பாய்கிற கண்மாய் என்றால் மாநில அரசின் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்கள் ஊர்க் கண்மாயின் மடை உடைந்து கிடந்ததற்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து பல வருடம் ஒன்றியத்துக்கே மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். பழைய பதிவேட்டில் பார்த்தால் ஆயக்கட்டு நூறு ஏக்கரைத் தாண்டுகிறது. அத்தனை மனுவையும் அடித்தவள் நானேதான். வெட்கமாக இருந்தது.

முதியோர் உதவித்தொகையில் இரண்டு கை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு 60 முதல் 79 வயது வரை அதில் டில்லி தருவது 200 ரூபாய், 80 ஆகிவிட்டால் 500. மீதி மாநிலம். ஆக, உயர்த்தச் சொல்லி இரண்டு தேர்தலிலும் கேட்கலாம். ரேஷனும் இப்படித்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் மத்தியச் சட்டம். எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி, சிறப்பு விலையில் பருப்பு, பாமாயில் என்பது மாநிலத்தின் ஏற்பாடு. பெட்ரோலில் மத்திய கலால் வரியும் உண்டு, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. அதனால் பெட்ரோல் விலையைக் கேட்டால் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டும். கேட்டு அலுத்துப்போய் அதை என் தாளிலிருந்தே எடுத்துவிட்டேன்.

தெருவிளக்கு, குப்பை, குழாய்த் தண்ணீர் எல்லாம் ஊராட்சி. இதில் ஒரு வேடிக்கை. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நான் ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்கக்கூடிய பெறுநரின் நாற்காலியே காலி. அந்த வருடத் தாளில் பக்கத்துத் தெருவுக்கு விட்ட வரியில், உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தோடு நடத்துவது என்றே எழுதிவைத்தேன்.

எம்.பி. யார் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாக எங்கள் மாவட்டத்துக்காரர்கள். புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி 2008 மறுவரையறையில் போய்விட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியோடு, விராலிமலை கரூரோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு. ஒரே மாவட்டத்து மனுவுக்கு நான்கு எம்.பி. என் அக்கா ஆலங்குடியில் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே ரயிலுக்காகக் கேட்டாலும் பெறுநர் வேறு.

இதெல்லாம் தலை சுற்றுகிறது என்றால் ஒரே ஒரு குறுக்குவழி: அந்த வேலைக்காக உங்களிடம் இருக்கிற ரசீதையோ அட்டையையோ எடுத்து, அதில் யார் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள்.

பொருள்

"பொருள்: போக்குவரத்து வசதி வேண்டுதல் தொடர்பாக" என்று யாராவது சொன்னால் நான் அடிக்க மாட்டேன். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்பேன். வசதி வேண்டும் என்று கேட்டவருக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு காகிதம் வரும், அதோடு முடிந்தது. ஓட்டுக்கும் இப்படி இறுக்கி எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் தாளை எடுத்துப் பார்த்தால் நடந்தது, நடக்கவில்லை என்று டிக் அடிக்கத் தெரிய வேண்டும். நல்லாட்சி, வளர்ச்சி, மாற்றம் இவற்றுக்கு டிக் அடிக்க முடியாது. அவற்றை அடித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் ஏழு பொருள் நின்றன. மாலை ஆறே முக்காலுக்கு ஊருக்கு ஒரு பஸ். கண்மாய் மடையும் வரத்து வாய்க்காலில் மண்டிய சீமைக் கருவேலமும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர். முதியோர் உதவித்தொகையை உயர்த்துவது. பட்டா மாறுதல் இத்தனை நாளுக்குள் என்று கெடு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு அறிவிப்பும் முடிவும் சொன்ன தேதியில். காலனித் தெருச் சுடுகாட்டுப் பாதை.

ஏழையும் சுமந்துகொண்டு ஓட்டுப் போட முடியாது. எந்தக் கட்சியும் ஏழுக்கும் ஒத்து வராது. மூன்றாகக் குறைக்க வேண்டும். இங்கேதான் புளியங்கொட்டை. அத்தையின் பல்லாங்குழி டப்பாவிலிருந்து எடுத்தோம். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தொண்டராகப் போனபோது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களோடு ஊர்ப் பிரச்சினையைக் கொட்டை வைத்துப் பேசுவோம். 1991 வாக்கில் புதுக்கோட்டைப் பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் கற்றுக்கொண்டோமே, அந்தக் காலம். ஒவ்வொருவருக்கும் பத்துக் கொட்டை. எந்தப் பொருளுக்கு எத்தனை என்று அவரவர் வைக்க வேண்டும். வைக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் வைத்ததைப் பார்த்து வைப்பது நம் பெண்களுக்குப் பழக்கம் என்பதால் வயதில் சின்னவர் முதலில் வைக்கட்டும்.

மகள் தேர்வுத் தேதிக்கு ஆறு, பஸ்ஸுக்கு நான்கு. நான் பஸ்ஸுக்கு ஐந்து, ராத்திரி டாக்டருக்கு மூன்று, சுடுகாட்டுப் பாதைக்கு இரண்டு. வீட்டுக்காரர் மடைக்கு ஏழு, பட்டாவுக்கு மூன்று. அத்தை உதவித்தொகைக்குத்தான் வைப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். ஒன்றுகூட வைக்கவில்லை. பத்தையும் அள்ளிப் பஸ் மேல் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பாப்பா வாசப்படி ஏறுற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல" என்றார். பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. கொட்டை வைக்காமல் பேசியே முடித்திருந்தால் முதியோர் உதவித்தொகைதான் அத்தையின் விருப்பம் என்று நானே எழுதியிருப்பேன்.

ஆக பஸ் 19, மடை 7, தேர்வுத் தேதி 6. டாக்டருக்கும் பட்டாவுக்கும் மும்மூன்று. எனக்கு டாக்டர் விட்டுப்போனது உறுத்தல்தான், ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் நானும் மகளும் காசு கொடுக்காமல்தான் வருகிறோம். அது எனக்குப் பெரிய உதவி. இலவசம் என்று யாராவது இளப்பமாகப் பேசினால் கோபம் வரும். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் என் கணக்கில் வருகிறது. ஆனால் மாலையில் ஐந்தரைக்கு அப்புறம் எங்கள் ஊருக்கு வண்டி இல்லை. மகளும் நானும் ஷேர் ஆட்டோவில் போகிறோம், ஆளுக்கு 20 ரூபாய். மாதம் 26 நாள். 1,040 ரூபாய். உரிமைத் தொகை மொத்தமும் ஆட்டோவுக்குப் போய், மேலே நாற்பது ரூபாய் கைக்காசும் போகிறது. தொகையை உயர்த்துகிறோம் என்று ஒருவரும், சாயங்கால வண்டி விடுகிறோம் என்று ஒருவரும் வந்து நின்றால் எங்கள் வீட்டுக்கு எது லாபம் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் பிடிபட்டது. உங்கள் ஊரில் வண்டி ஒழுங்காக வருகிறது என்றால் உங்களுக்கு விடை வேறாக வரும். வரட்டும்.

அரசாங்கத்துக்கும் கல்லா ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம். 2025-26 மாநில வரவு செலவுத் திட்டத்தில் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என்று அதிலேயே இருக்கிறது. எனவே உங்கள் மூன்று பொருளுக்கு நேராகவும் இதற்காக எதை விட்டுக்கொடுப்பேன் என்று ஒரு சொல் எழுதுங்கள். நான் என்ன எழுதினேன் என்றால், ஐந்து வருடத்துக்கு உரிமைத் தொகையை உயர்த்தாவிட்டாலும் பரவாயில்லை.

இணைப்பு

நகல் இணைக்காத மனுவை வாங்கும்போதே கீழே வைத்துவிடுவார்கள். ஓட்டுக்கு நான்கு இணைப்புப் பாருங்கள்.

முதலாவது, போன தேர்தலின் அறிக்கை. இந்தத் தேர்தலின் அறிக்கையை எல்லோரும் படிக்கிறார்கள். போன தடவை இதே கட்சி உங்கள் மூன்று பொருளைப் பற்றி என்ன சொன்னது என்று தேடிப் பக்கத்தில் வையுங்கள். அரைப் பக்கம் படித்தாலே போதும்.

இரண்டாவது, துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, அதாவது துறைவாரியாகப் பணம் ஒதுக்கச் சொல்லும் விவாதம், வரும்போது ஒவ்வொரு துறையும் இதை வைக்கும். தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும். இவ்வளவு பெரிய புத்தகமா என்று பயப்படாமல் உங்கள் பொருள் வருகிற பக்கத்தை மட்டும் பாருங்கள். போக்குவரத்துத் துறைக் குறிப்பில் எத்தனை பேருந்து, எத்தனை பணியாளர் என்றெல்லாம் இருக்கும். இரண்டு வருடக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மேடையில் பேசுவதற்கும் அச்சில் இருப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் தெரியும்.

மூன்றாவது, வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். படிவம் 26 என்பார்கள். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் வரும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் எடுக்கலாம். பிரமாணப் பத்திரம் அடித்து அடித்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சொத்தை விடக் கடன் பகுதியைத்தான் முதலில் படிப்பேன். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருந்தால் அதிலே வந்துவிடும். வழக்கு என்றால் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், பிரிவைப் பாருங்கள். சாலை மறியலில் உட்கார்ந்ததும் வழக்குத்தான், ஆளை அடித்ததும் வழக்குத்தான்.

நான்காவது, எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி. வருடத்துக்கு 3 கோடி. எம்.பி.க்கு 5 கோடி. இந்த நிதியில் கட்டடம், நிழற்குடை, ரோடு மாதிரி நிற்கிற சொத்துதான் செய்ய முடியும். அதனால் எங்கள் ஊரில் அழகான பயணியர் நிழற்குடை இருக்கிறது, கிரானைட் பெஞ்சு, பெயர்ப்பலகையோடு. சாயங்காலம் அதில் ஆடுகள் படுத்திருக்கும்.

இனி வேட்பாளரை நேரில் கேட்பது. அவர்கள் வரும்போது ஆரத்தித் தட்டோடு நிற்கச் சொல்வார்கள். நில்லுங்கள், தப்பில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு வரிதான் கேட்க முடியும் என்பதால் முதலிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். நான் கேட்டது: "அண்ணே, சாயந்தரம் ஆறே முக்காலுக்கு எங்க ஊருக்கு ஒரு பஸ் வேணும், எப்படி விடுவீங்க?" கேள்வியில் 'எப்படி' இருக்க வேண்டும். விடுவீங்களா என்று மட்டும் கேட்டால் கண்டிப்பாம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர் அப்படித்தான் போனார். இன்னொருவர், "தங்கச்சி, வண்டி இருக்கு, டிரைவர் பத்தல. ஆள் எடுத்தாத்தான் சாயந்தர டிரிப் போட முடியும், அதுவரைக்கும் ஏதாவது ரூட்டை நீட்டிக்க முடியுமான்னு பாக்கணும்" என்றார். அவர் செய்து தருவதாகச் சொல்லவே இல்லை. ஆனால் என் தாளில் அவருக்குத்தான் மதிப்பெண் போட்டேன். தடங்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதை நகர்த்தவும் முயற்சி செய்வார். அவர் ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள். தொகுதியில் எனக்கு ஒரே ஒரு ஓட்டு.

ஓட்டுக்குப் பணம் வந்தால் என்ன செய்வது என்று கடையில் கேட்பார்கள். வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம், இது சட்டம். என் கணக்கு இன்னும் சின்னது. எவ்வளவு கொடுப்பார்கள்? அதை ஐந்து வருடத்து ஆட்டோ காசோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன்.

எந்த வேட்பாளரும் ஒத்து வரவில்லை என்றால் நோட்டா இருக்கிறது. 2013இலிருந்து மெஷினிலேயே பொத்தான் வந்துவிட்டது. ஆனால் சட்டமன்றத்திலும் மக்களவையிலும் நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் வெற்றி. பெறுநர் இல்லாத மனு மாதிரி. நான் அழுத்தியதில்லை.

இத்தனையும் எழுதி, பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் எல்லாம் வீண். மனு வேலை என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றம் அல்லது திருத்தத்துக்குப் படிவம் 8. சந்தேகம் என்றால் 1950க்குப் போன் செய்யலாம். கடைசி வாரம் வந்து என் கடை வாசலில் நிற்காதீர்கள். பூத் சிலிப்பை மட்டும் கொண்டுபோனால் ஓட்டுப் போட விடமாட்டார்கள், அடையாள அட்டையும் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டுத் தெரியும். பார்த்துவிட்டு வாருங்கள்.

தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான் ரேஷன் கார்டு உறையில் மடித்து வைத்திருக்கிறேன். கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு தடவையாவது தாளைக் கொண்டுபோங்கள். பஸ் ஊராட்சியின் வேலை இல்லைதான், ஆனாலும் மேலே அனுப்பத் தீர்மானம் போடலாம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா, எண் என்ன என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். போன அக்டோபர் கிராம சபையில் எங்கள் தீர்மானம் ஏறிவிட்டது. நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கு நடுவில் அத்தை புளியங்கொட்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பது எடுத்துப்போனதில் முப்பத்தேழுதான் டப்பாவுக்குத் திரும்பி வந்திருக்கிறதாம்.